கூட வந்தவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள்

“பேஷண்ட் வெளியவே உக்காருங்க. கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க.”

ஓசூரில் ஓர் எலும்பு மருத்துவமனை. என் வலது முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. ஸ்கேன் முடிந்து, டாக்டர் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் அழைத்ததும் என் அண்ணன் அமல் எழுந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. என் காலைப் பற்றிய பேச்சு, என் காலை வெளியே விட்டுவிட்டு நடந்தது.

அன்று அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக நடப்பதுதான். நோயாளிக்கு மாத்திரை, கூட வந்தவருக்கு உண்மை. இப்போது அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மோட்டோகிராஸ் ஓட்டியவள். மேடும் பள்ளமுமாக வெட்டிய மண்பாதையில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் பாய்ந்து, மேடுகளில் எகிறிக் குதித்து ஓடும் பந்தயம் அது. பெண்கள் பிரிவில் நாட்டளவிலான பட்டத்தை மூன்று முறை வென்றிருக்கிறேன். மூன்றாவது முறை வென்றபோது ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே எனக்கு பேனர்கூட வைத்தார்கள். வைத்தவரின் முகம் என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது, அது வேறு விஷயம்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அமல்தான். ஒர்க் ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தான். பழைய பாகங்களைச் சேர்த்து எனக்கு ஒரு வண்டி கட்டினான். சூளகிரி தாண்டி, தொழிற்பேட்டைக்காகச் சமப்படுத்திப் போட்டிருந்த நிலத்தில் கொட்டி வைத்த செம்மண் மேடுகள்தான் எங்கள் முதல் டிராக். நான் குதிப்பேன், விழுவேன். அவன் என்னைப் பார்க்குமுன் வண்டியைத் தூக்கிப் பார்ப்பான். அதற்காக அவனை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். பிறகு பெங்களூருப் பக்கத்து டீம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டபோது அவனையும் மெக்கானிக்காகச் சேர்த்துக்கொண்டது.

பந்தயம் தொடங்குமுன் அவன் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டுப் பார்ப்பான். பிறகு என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. “போ பாப்பா.” அவ்வளவுதான். போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் விளையாட்டில் அப்படிக் கேட்க முடியாது. மெக்கானிக் மேல் சந்தேகம் வந்தால் முதல் மேட்டிலேயே கை தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும்.

ஒருமுறை இறுதிப் பந்தயத்துக்குச் சற்று முன், வண்டியின் சட்டத்தில் முடியளவு வெடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தான். வண்டியை விட மாட்டேன் என்று மேனேஜரிடம் சண்டை போட்டான். நான் அழுதேன். “ஒடஞ்சா வண்டி சாகாது, நீதான் சாவ. அழுதா அழுதுக்கோ” என்றான். அந்த ஆண்டுப் பட்டம் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவன் சொல் எனக்கு வேதவாக்கு.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது நான் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலைப் பயிற்சியின்போது மேட்டிலிருந்து இறங்கும் நேரத்தில் வண்டி லேசாகக் கோணியது. நான் காலை ஊன்றினேன். முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் ஒரு பக்கமுமாக நழுவி, மறுபடி சேர்ந்ததுபோல் இருந்தது. வலியைவிட அந்த நழுவல்தான் என்னைப் பயமுறுத்தியது. என் காலுக்குள் என்னைக் கேட்காமல் ஏதோ நகர்ந்துவிட்டது.

“ஒண்ணும் இல்ல. நீர் கோத்துக்கினு இருக்குதாம். பெல்ட் போட்டு ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா போதும்னாரு” என்றான் அமல். கேன்டீனில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். பன்னை அவனே பிய்த்துக் கொடுத்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீக்கம் வடிந்தது. பெல்ட் கட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது, படியிறங்கும்போது, சில நேரம் சும்மா கடைத்தெருவில் நடக்கும்போதுகூட முழங்கால் விட்டுவிடும். யாரோ பின்னாலிருந்து தட்டிவிட்டதுபோல மடங்கும். அமலிடம் சொன்னேன்.

“பயம் பாப்பா. விழுந்தவங்க எல்லாருக்கும் வர்றதுதான். கால்ல ஒண்ணும் இல்ல, மனசுலதான் இருக்குது.”

அவன் செய்த எல்லாவற்றிலும் என்னால் இன்றும் செரிக்க முடியாதது இந்த வார்த்தைதான். நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன் என்று நம்பினேன். கண்ணாடி முன் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். கால் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் என் காலை நம்பாமல் அண்ணனை நம்பினேன்.

சீசனின் கடைசிச் சுற்றுப் பந்தயத்துக்கு முன், டீமுடன் வந்த மருத்துவ உதவியாளர் முழங்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டார். “வலிக்காம இருக்கத்தான்” என்றார்கள். வலிக்கவில்லை. வண்டிகளை மறித்து நிற்கும் தொடக்கக் கேட் விழுந்தது, முதல் ஆளாகப் பாய்ந்தேன், முதல் ஆளாகவே வந்து சேர்ந்தேன். அமல் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். அழுதான். நான் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் முழங்காலிட்டேன். எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் வராது, மடக்கவும் வராது. பக்கத்திலிருந்தவர்கள் நான் ஏதோ பெரிய வேண்டுதலில் இருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஆட்டோ பிடித்து அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அமல் டீமோடு வெளியூரில் இருந்தான். அதனால்தான் இந்தமுறை என்னையும் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

“லிகமென்ட் அறுந்திருக்குன்னு அப்பவே சொன்னேனே. வண்டியைத் தொடவே கூடாது, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னேன். ஏன் வரல?”

“யாருகிட்ட சார் சொன்னீங்க?”

“உங்க அண்ணன்கிட்ட.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ‘ஐயோ’ என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கும் தெரியுமாம்மா?”

“சீசன் முடியட்டும், அப்புறம் நானே சொல்றேன்னான். இப்ப சொன்னா நீ ஒடஞ்சு போயிருவன்னான். நான் தினம் ஜெபமாலை சொல்லிக்கினுதான் இருந்தேன்மா.”

எனக்குத் தெரியாமல் எனக்காக ஜெபம் நடந்திருக்கிறது. டாக்டரிடமும் கேட்டேன். “என் கால்தானே சார், என்கிட்ட ஏன் சொல்லல?” அவர் நல்ல மனிதர். சங்கடப்பட்டார். “பேஷண்ட் பயந்துடுவாங்கன்னு வீட்டு ஆளுங்ககிட்ட சொல்றது வழக்கம்மா” என்றார். வானத்தில் வண்டியோடு பறக்கிறவள் ஒரு வார்த்தைக்குப் பயந்துவிடுவேனாம்.

அறுந்தது ஏசிஎல் (முழங்காலுக்குள் குறுக்கே ஓடி, கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் நார்). அது அறுந்தாலும் புதிதாக ஒன்றைப் பொருத்திவிடலாம். பலர் மறுபடி பந்தயத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் பிடிமானமில்லாத காலோடு நான் குதித்துக்கொண்டே இருந்ததில் மெனிஸ்கஸும் (இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்து, மடங்கி, மூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. முதல் ஸ்கேனில் அது முழுசாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். அதாவது, விபத்து எடுத்தது ஒன்று. மௌனம் எடுத்தது இன்னொன்று.

விஷயம் கேள்விப்பட்டு அமல் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“வண்டியில முடியளவு வெடிப்புக்கு நிறுத்துன. எனக்கு?”

“நிறுத்தியிருந்தா டீம் வேற பொண்ண எடுத்திருப்பாங்க. நம்ம ரெண்டு பேரும் மறுபடி சூளகிரி மண்ணுலதான் நின்னிருக்கணும். ரெண்டு சுத்துதானே பாக்கின்னு நெனச்சேன்.” செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுச் சொன்னான். “நீ ஜெயிச்சியா இல்லியா?”

ஜெயித்தேன்தான். அந்தக் கோப்பை இன்னும் ஷோகேஸில் இருக்கிறது. மற்ற இரண்டும் என்னுடையவை. மூன்றாவது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சை) செய்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து உள்ளே பொருத்தினார்கள். மெனிஸ்கஸைத் தைக்க முடியவில்லை. பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று என் தொடையைப் பார்த்து அதிர்ந்துபோனேன். அது இன்னொருவருடைய தொடை. சதை வற்றி, தோல் தொங்கியது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது திரும்ப வரும். மெதுவாக வரும். அளந்து பார்க்காதீர்கள்.

பிசியோதெரபி சென்டரில் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள்தான். பிரஸ் மெஷினில் கை கொடுத்தவர்கள், பைபாஸில் வண்டியோடு விழுந்தவர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கத்துவோம். வலிக்கு மட்டும் ஒரே மொழி. எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் காலை மடக்கி அழுத்தும்போது நான் போட்ட கூச்சலில் ஒருநாள், “என்னா மேடம், சாம்பியன்னு சொன்னாங்க, இவ்ளோ சவுண்டு உடறீங்க?” என்றாள். அந்த வருடத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அவள் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் இப்போது எங்கே இழுக்கும், எவ்வளவு வலிக்கும், ஏன் வலிக்கிறது என்று என்னிடமே சொல்வாள். யாராவது என் உடம்பைப் பற்றி என் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவ்வளவு புதிதாக இருந்தது.

அமலை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். அவன் டீமை விட்டுவிட்டு மறுபடி ஒர்க் ஷாப்புக்கே போய்விட்டான். என் கைத்தடியின் ரப்பர் தேய்ந்தால் நான் சொல்லாமலே மாற்றி வைக்கிறான். மாற்றிய பிறகு நான் ஒருமுறை தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். அவன் அதைப் பார்க்கிறான். எனக்கும் அது வேதனையாகத்தான் இருக்கிறது.

போன மாதம் முக்கியமான பரிசோதனை. மறுபடி பந்தயம் ஓட்ட முடியுமா முடியாதா என்று டாக்டர் அன்றுதான் சொல்வதாக இருந்தார். அமல் வண்டியில் கொண்டுவந்து விட்டான். அதே நடைபாதை, அதே இரும்பு நாற்காலிகள். கதவு திறந்தது.

“கூட வந்தவங்க உள்ள வாங்க.”

பழக்கத்தில் அவன் எழுந்துவிட்டான். நான் கைத்தடியை அவன் முன்னால் நீட்டினேன். “நீ உக்காரு அண்ணா.” உள்ளே போய், கதவை நானே சாத்தினேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நடக்கலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம், நீந்தலாம். குதிக்கக் கூடாது. மெத்தை இல்லாத மூட்டு, ஒவ்வொரு குதிப்பிலும் எலும்பு எலும்போடு மோதும். பந்தயம் இனி இல்லை. நான் பயந்துவிடவில்லை. உடைந்துபோகவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், டாக்டர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். என்னுடைய செய்தியை நான்தான் முதலில் கேட்டேன்.

வெளியே வந்தேன். அமல் நாற்காலியின் நுனியில் இருந்தான்.

“என்னா சொன்னாரு பாப்பா?”

“ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா போதும்னாரு.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் படிக்கட்டுக்கு வந்தேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மேட்டிலிருந்து எகிறி மண்ணைத் தொடும்வரை உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நீளமானதாக இருந்தது. இப்போது ஒரு படி அவ்வளவு நீளம். கைப்பிடியைப் பிடித்து, வலது காலை இறக்கி வைத்து, அது என்ன சொல்கிறது என்று நின்று கேட்டேன். தாங்கும் என்றது. அடுத்த காலை எடுத்தேன்.