காதர் எடுத்துவைத்த மூட்டுநீர்

மேலப்பாளையத்தில் பரிசோதனைக்கூடம் வைத்திருந்த டாக்டர் காதர் போய்விட்டார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழவேயில்லை என்று அவர் மகள் ஆயிஷா போனில் சொன்னாள். ராதாபுரத்தில் என் கிளினிக்கில் அப்போது உவரி சூசை உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலிலிருந்து எடுத்த நீர் முந்தின நாள்தான் காதரிடம் போயிருந்தது.

அவருக்கிருந்த மூட்டுநீர்ப் பைத்தியம் எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கெல்லாம் தெரியும். கவுட் என்னும் மூட்டுவாதம் என்றால் நுண்ணோக்கியில் அந்த நீரில் யூரிக் அமில உப்பு ஊசி ஊசியாக மின்ன வேண்டும்; அதைக் கண்ணால் காணாமல் நோய்க்குப் பெயர் வைக்க விடமாட்டார். வெறும் குப்பியில்தான் அனுப்ப வேண்டும். பதப்படுத்தும் தூள் போட்டால் அந்தத் தூளே படிகமாகி ஏமாற்றும் என்பார். குளிர்ச்சியாக வர வேண்டும், உறையவும் கூடாது. எங்கள் பக்கத்து வெயிலுக்கு உவரி மீன் வண்டியின் ஐஸ்பெட்டிதான் கதி. ஒருமுறை மீன்காரர் நல்ல மனசோடு உப்புப் போட்ட ஐஸுக்குள் குப்பியைப் புதைத்துவிட்டார். கல்லாகப் போய்ச் சேர்ந்தது. நான் கத்தினேன். காதர் சிரித்தார்.

"அவருக்கு அது மீனுதானவே. நல்லாத்தான் பாத்திருக்காரு."

சூசையின் நீரில் முதல் நாள் ஊசி எதுவும் அகப்படவில்லை. காசநோய் மூட்டாக இருக்கலாம் என்று வேறோரிடத்தில் மாதக்கணக்கில் மாத்திரை எழுதியிருந்தார்கள். கடலுக்குப் போக முடியாமல் மனிதர் ஒடிந்துபோயிருந்தார். மாத்திரையைத் தொடங்கிவிடவா என்று காதரிடம் கேட்டேன்.

"அவசரப்படாதீரும். இன்னைக்குக் காணலன்னா இல்லன்னு ஆயிருமாவே? ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். நாளைக்கும் பாப்போம்."

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

மையவாடியில் அடக்கம் முடிந்து திரும்பினோம். அப்பாவோடு அதே கூடத்தில் வேலை பார்த்தவள் ஆயிஷா. அழுத கண்ணோடு என்னைக் கூப்பிட்டாள். "மறுபடி பாக்கணும்னு வாப்பா சொல்லியிருந்தாக. வாங்க மாமா."

ஃபிரிட்ஜிலிருந்த சூசையின் நீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து அவள் முதலில் பார்த்தாள். நகர்ந்து எனக்கு இடம்விட்டாள். நான் குனிந்தேன். ஓர் ஓரத்தில், கொஞ்சம்போல, ஊசிகள் மின்னின.

கவுட்தான், அந்த மாத்திரை வேண்டாம் என்று சூசைக்குப் போன் செய்தேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். காதர் என்றேன்.

சூசை மறுபடி கடலுக்குப் போகிறார். நானும் இப்போது 'இல்லை' என்று எழுதுமுன் ஒரு நாள் பொறுக்கிறேன். காதரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறுமைதான். இன்று காணாததை நாளைக்குத் தேடுகிறேன். காதரை மட்டும் அப்படித் தேட வழியில்லை.