உறைந்துபோன இன்சுலின்

அந்தப் பெண் எனக்கு நாலு மாத வாடகை பாக்கி. பார்மசி படிப்பின் கடைசியில் கிராமப் பயிற்சிக்கென்று எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்தவள். என் மாடி அறையில் குடியிருந்தாள். பயிற்சிப் பணம் ஒரு மாதம்கூட வந்து சேரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், தலைச்சுமையாகப் பாத்திரம் விற்று மூன்று கடை போட்டவன். யாரிடமும் பாக்கியை விட்டதில்லை. இவளிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை.

மருந்து ஜன்னலில் கூட்டம் முண்டினாலும், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று திருப்பிச் சொல்ல வைத்துத்தான் மாத்திரையைக் கொடுப்பாள். ஊரில் அவளுக்கு 'டீச்சரம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அங்கிருக்கும் ஃப்ரிட்ஜ் நான் வாங்கிக் கொடுத்தது. கதவில் என் பெயர் இருக்கிறது. விடுமுறை கழிந்து அதைத் திறந்தால், இன்சுலின் குப்பிகளெல்லாம் பனிக்கட்டி. காவலாளி தலையைச் சொறிந்தான்.

"வெயில் கொளுத்துதேன்னு நாந்தாங்க குளிர் கூட்டுற குமிழை முழுசா திருப்பி வச்சேன். மருந்து வாடிடக் கூடாதுல்ல?"

அவள் எல்லாவற்றையும் எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் ஒதுக்கி வைத்தாள். நான் ரத்த அழுத்த மாத்திரைக்குப் போனபோது குப்பிகள் உருகித் தெளிந்திருந்தன. அப்போதுதான் கொத்தனார் ஒருவன் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். சர்க்கரை நோய்க்குத் தினமும் ஊசி போடும் பிள்ளை. வீட்டில் மருந்து தீர்ந்து, நேற்றிலிருந்து ஊசி இல்லை, காலையிலிருந்து வாந்தி.

"இது உறைஞ்சு போன மருந்துண்ணே. தர மாட்டேன்."

"பளிங்கு மாதிரி இருக்கேம்மா!"

"கெட்டாலும் அப்படித்தான் இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் குடுத்த ஃப்ரிட்ஜ்ல வச்சது எப்படிம்மா கெடும்? எடுத்துக் குடு!"

"ஐயா, நீங்க சத்தம் போட்டா மருந்துக்கு உசுரு வந்துடுமா?"

இந்த ஊரில் என்னிடம் அப்படிப் பேசியவர் கிடையாது. செல்போனை எடுத்தேன். எனக்குத் தெரியாத பெரிய மனிதரா? மருந்துக் கிடங்கில், "வியாழக்கிழமைதான் வண்டி" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. ஊர் மருந்துக்கடையிலும் இன்சுலின் இல்லை. அதற்குள் அவள் டாக்டரைப் போனில் பிடித்துவிட்டாள். உடனே டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"கையில சல்லிக்காசு இல்ல தாயி. கூலி சனிக்கிழமைதான்" என்றான் கொத்தனார்.

என் காரை மகன் எடுத்துப் போயிருந்தான். தெருவில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்து நிறுத்தினேன். அன்று என் சொல் எடுபட்டது அந்த ஆட்டோக்காரனிடம் மட்டும்தான். என் சட்டைப்பையில் இருந்தது அவன் வாடகைக்கே சரியாகப் போயிற்று.

திரும்பி வந்தபோது அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்திருந்தாள். ஊரிலிருந்து அவள் அப்பா அனுப்பியது.

"ஐயா, இது உங்க வாடகைப் பணம்..."

"என் மூஞ்சிய என்ன பாக்குற? குடு அவன்கிட்ட!"

பிள்ளையின் தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது. கண் திறக்கவில்லை. அவன் வலது கையை நீட்டினான். சிமெண்ட் அரித்துத் தோலுரிந்த அந்த உள்ளங்கையில் அவள் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தாள்.