"போடு" என்று சொல்ல ஆளில்லை

கணினியின் வேகத்தை ஏற்றி ஓவர்கிளாக் செய்பவர்களுக்கான எங்கள் ஃபோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிப்புக்கு வோல்டேஜ் கூட்டுவதற்கு முன் அளவை அங்கே எழுத வேண்டும். யாராவது பார்த்துவிட்டு, "போடு மச்சான்" என்பார். அதன் பிறகுதான் கை வைப்போம்.

இன்று காலை எழுதினேன். மதியத்துக்குள் பலர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அளவு கூடிவிட்டால் சிப் எரிந்துபோகும். என்னிடம் இருப்பது இந்த ஒரு கணினிதான். வேலையும் இதில்தான்.

இங்கே மலேசியாவில், ஈப்போ நகரில் இருக்கும் மோகன் அண்ணனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஒரு காலத்தில் ஃபோரத்தில் பாதிப் பேருக்கு "போடு" சொன்னவர் அவர்.

"அண்ணே, நான் எழுதினத பாத்தீங்களா?"

"பாத்தேன்லா."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

கையிலிருந்த கணினி விசிறியின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் இதத் தொட்டே ரொம்ப நாளாச்சு தம்பி. தப்பா சொல்லி எரிஞ்சு போச்சுன்னா? வேற யாராச்சும் சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன்."

பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் விட்டிருப்பார்கள் போல.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பதில் வந்திருந்தது. படபடப்போடு திறந்தேன். தைப்பிங்கிலிருந்து யாரோ புதியவர்.

"அண்ணே, எனக்கும் இதே மதர்போர்டுதான். நீங்க மொதல்ல போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. பொழச்சிச்சுன்னா நானும் போடுறேன்."

எப்போதும் மழை கொட்டி, சிப் சூடேறாமல் குளிர்ந்து கிடக்கும் ஊர்க்காரருக்கே இந்தப் பயம்.

அளவை மாற்றிவிட்டு, சேவ் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் விஷயம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? "போடாதே" என்றாலும் பரவாயில்லை.