அர்ஜென்ட்டுங்க!

டீச்சர் என் கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒரே ஒரு சொல்லால் அம்மாவை வீட்டிலிருந்து கிளப்பிவிட முடிகிறதென்றால், அதே சொல்லால் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்க முடியாதா என்ன?

அப்போது எனக்கு ஒன்பது வயது. மங்கலத்தில் இருந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். அதே கம்பெனியில் அம்மாவின் தம்பி, என் மாமா, சூப்பர்வைசர். மாமா வாயைத் திறந்தாலே அர்ஜென்ட்தான். நூல் அர்ஜென்ட், பட்டன் அர்ஜென்ட், டீகூட அர்ஜென்ட். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், அம்மா தலையில் வைத்த எண்ணெயைக் கழுவாமலே கிளம்பிவிடுவாள். என்ன, ஏது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஆண்டு விழா. மேடையில் நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். முன் வரிசையில் வந்து உட்காருவதாக அம்மா சொல்லியிருந்தாள். காலையிலேயே மாமாவின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"அக்கா, அர்ஜென்ட்டுங்க. நாலு மணிக்குக் கன்டெய்னர் லாரி பொறப்படுது, அதுக்குள்ள சரக்கு முடியோணும்."

அம்மா தன் பாதித் தோசையை என் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டீச்சரிடம் போனைக் கேட்டு வாங்கினேன்.

"மாமா, அம்மாவ ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க. அர்ஜென்ட்டுங்க!"

"என்னாச்சு கண்ணு?" என்று அவர் முடிப்பதற்குள் போனைத் துண்டித்துவிட்டேன். மாமா மாதிரியே பேசிவிட்டதில் ஒரே பெருமை.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமா வண்டியை நிறுத்துமுன்பே அம்மா குதித்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு, கையில் நூல் வெட்டும் கட்டர், ஒரு காலில் மட்டும் செருப்பு. என் நெற்றி, கை, முட்டி எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்க கண்ணு அடிபட்டுது?"

"எங்கயும் இல்லம்மா. அடுத்தது நான்தான் பேசப்போறேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ புள்ள, இதுக்கா? அங்க ஒரு லைன் மிஷினே நிக்குது!"

"நீ போ தம்பி. நான் கேட்டுப்போட்டு வர்றேன்" என்றாள் அம்மா.

பேசினேன். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், அம்மா தட்டவில்லை. அந்தக் கட்டரை இன்னும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறேன். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. போன வாரம் இந்த அர்ஜென்ட்டைத் தோண்டினேன். லத்தீனிலிருந்து வந்ததாம். நெருக்குவது, தள்ளுவது, விரட்டுவது என்று வேருக்குப் பொருள். அகராதியில் அதற்குக் கீழே உதாரணங்கள்: அர்ஜென்ட் கடிதம், அர்ஜென்ட் கூட்டம், அர்ஜென்ட் உதவி. படித்துக்கொண்டே வந்தவளுக்கு முன்னால் அந்த ஒற்றைச் செருப்பு வந்து நின்றது. கன்டெய்னருக்காக அம்மா எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள். ஒரு முறைகூடச் செருப்பை விட்டுவிட்டு ஓடியதில்லை. கம்பெனியிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற வரைக்கும் அவள் மனசுக்குள் என்னென்ன ஓடியதோ, இதுவரை நான் கேட்டதில்லை.

நாளை கல்லூரியில் இந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசுகிறேன். அம்மாவுக்கு ஷிப்ட் இருக்கிறது. மாமாவுக்கு வழக்கம்போலக் கன்டெய்னர். காலையில் அவர் வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்னால், "அவசரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா வாயேன்" என்று அம்மாவிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.