மாதா படம் ஒட்டிய கேசட்

ராக் பாட்டைப் பக்திப் பாட்டு என்று நம்பி, கிறிஸ்துமஸ் பூசையில் உருகி உருகிப் பாடிய ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். நேற்று பரணில் அந்தக் கேசட் கிடைத்தது. அதன் பசை வாசனையில், இப்போது செல்போன் உறை விற்கிற இடத்தில் முன்பு இருந்த ஜெரால்டு அண்ணனின் ரெக்கார்டிங் கடையும், பென்சிலால் நாடா சுற்றும் கறகறப்பும், கும்பகோணம் டவுன் பஸ் ஹாரனோடு கலந்து ஒலித்த கிட்டாரும் திரும்ப வந்தன.

அட்டையில் காலண்டர் மாதாவை ஒட்டி, "இங்கிலீஷ் மாதா பாட்டுடா தம்பி, நீ பாடுனாத்தான் நல்லாருக்கும்" என்று அண்ணன்தான் தந்தார். நான் பாடும்போது பாட்டுக் குழுவே குனிந்து தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். சாமியார் கைதட்டினார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

நேற்று மாதாவை மெல்ல உரித்தேன். அடியில், சர்ச் கோபுரத்தின் மேல் கொம்பு முளைத்த ஒருவன் கால்மேல் கால் போட்டிருந்தான். இந்த அட்டைக்காகவே அந்த ஆல்பத்தைப் பல ஊர்களில் விற்க மறுத்தார்களாம்.

அண்ணனுக்கு போன் போட்டேன். "பாட்டுக் குழுவுக்கும் தெரியுமாண்ணே?"

"உனக்கும் சாமியாருக்கும் மட்டுந்தாண்டா தெரியாது."