நாலாவது படகு

துறையில் எல்லோரும் பாய்க்காரர் என்று கூப்பிடும் அந்த அச்சகத் தொழிலாளிக்கு இது நாலாவது பாய்மரப் படகு. முதல் படகில் குடும்பமே ஏறலாம். ஆனால் அது ஒழுகும், தண்ணீர் இறைத்து இறைத்தே தோள்பட்டை போய்விட்டது. அடுத்தது கவிழ்ந்து அவர் விலா எலும்பை முறித்தது. முட்டி மடங்க மறுத்தபோது மூன்றாவதையும் விற்றார். இப்போதுள்ளது குளியல் தொட்டி அளவுதான்.

"இதுல ஒரு தப்புப் பண்ணினாலும் வித்துடறேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார்.

அன்று அருமையான காற்று. மனைவி அவரைக் கைத்தாங்கலாகப் படகில் இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். பாயை ஏற்றினார். பாய் புடைத்தது, படகு நகரவில்லை. சுக்கானைத் திருப்பினார். பாயை இழுத்துப் பிடித்தார். காற்றைத் திட்டித் தீர்த்தார்.

"காத்து என்னங்க பண்ணும்? கயித்த அவுத்தீங்களா மொதல்ல?"

திரும்பிப் பார்த்தார். படகின் பின்கயிறு துறைத் தூணில் கட்டியபடியே இருந்தது. இத்தனை வருடத்தில் இதை அவர் மறந்ததே இல்லை.

மனைவி வாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அவுத்து விடட்டுமா?" என்றாள்.

அவர் புடைத்த பாயை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்டி. அசதியா இருக்கு. கையக் குடு."

"மொதல்ல பாய இறக்குங்க. ஏத்தினவரு யாரு, நானா?"

இறக்கினார். படகை வாங்க வருகிறவன் குறை சொல்லாதபடி, சுருக்கமில்லாமல் மடித்துவைத்தார்.