இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு

யாராவது "ரவுண்டா சொல்லுங்க" என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும். காய்கறிக்காரர் கேட்டாலும் சரி, பேங்க்கில் கேட்டாலும் சரி. "அந்த வார்த்த உனக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சு?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களிலும் அதற்கு மேலே கல்வராயன் மலையிலும் பிறக்கிற குழந்தைகளில், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருப்பவர்களை எங்கள் ஜீப் வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கும். எடை போடுவார்கள், தாய்க்குப் பால் கொடுக்கும் விதம் சொல்லித்தருவார்கள், குழந்தை சோர்ந்து கிடந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுவார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது கம்ப்யூட்டர். எல்லாக் குழந்தைகளின் எடையும் தரவுத்தளத்தில் இருக்கும். "இரண்டரைக்குக் கீழே யார் யார்?" என்று அதைக் கேட்கிற ஒரு க்வெரி, நான் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்டது, காலையில் ஓடும். பட்டியலில் பெயர் வந்தால் ஜீப் போகும். வராவிட்டால் போகாது.

ஒருநாள், மலை ஊர்களில் எடை போட்டு எங்களுக்கு அனுப்புகிற நர்ஸக்கா போன் போட்டார். அவர் வாய்க்கு அலுவலகமே பயப்படும்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கீங்க அங்க? இந்தக் குழந்தயப் பாக்க ஏன் ஜீப்பு வரல? அது தாயி என்ன வுட்டு நகர மாட்டேங்குது!"

பெயரைத் தட்டிப் பார்த்தேன். "எடை ரெண்டரைன்னு காட்டுதுக்கா. அதனால பட்டியல்ல வரல."

"எவன் சொன்னது ரெண்டரைன்னு? ரெண்டு கிலோ நானூத்தி அறுவது கிராமு. என் கையால போட்டு அனுப்பினேன்."

அவர் கையால் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். மலைக் குளிரில் பிறந்த குழந்தையைத் துணி அவிழ்க்க யாரும் விடமாட்டார்கள். பழைய புடவைத் துணியில் சுற்றித்தான் தராசில் வைப்பார்கள். அக்கா பிறகு அந்தத் துணியைத் தனியாக எடை போட்டுக் கழிப்பார். அதனால் அவர் அனுப்புகிற எடைகள் எப்போதும் ஒழுங்கில்லாமல் வரும்: 2.46, 2.73, 2.38 என்று. கீழே சமவெளியில் அந்தத் தொல்லை கிடையாது. இரண்டரை, மூன்று, இரண்டேமுக்கால் என்று கண்ணுக்கு அழகாக எழுதி அனுப்பிவிடுவார்கள்.

க்வெரியைத் திறந்தேன். அடப்பாவிகளா! எடையை முதலில் ஒரு தசம இடத்துக்கு ரவுண்ட் பண்ணிவிட்டு, அதன் பிறகு இரண்டரைக்குக் கீழேயா என்று கேட்டிருந்தார்கள். 2.46 அங்கேயே 2.5 ஆகிவிடுகிறது. 2.5 இரண்டரைக்குக் கீழே இல்லை. கதை முடிந்தது. தாய் பெற்ற பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் நாற்பது கிராம் சதை போட்டு, "நீ நன்றாகத்தான் இருக்கிறாய், போ" என்று அனுப்பிவிட்டது. ஒழுங்காகத் துணியைக் கழித்து எழுதின பாவத்துக்கு, மலைக் குழந்தைகள்தான் இதில் மாட்டினார்கள்.

மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் மேஜையில் காலை டிபன் திறந்திருந்தது.

"நாப்பது கிராம்தானேம்மா? இதோ பாரு, ஒரு இட்லி இருக்கும். இதுக்காடி இவ்ளோ ஆட்டம்?"

டி போட்டது வேறு. உடம்பெல்லாம் எரிந்தது. "இட்லி உங்களுக்கு சார். அந்தக் குழந்தைக்கு அது ஜீப்பு."

"ரிப்போர்ட்டுல நீளமா தசமம் இருந்தா நல்லா இருக்காது. மேலிடத்துல படிக்கமாட்டாங்க. சரி, ரவுண்ட் வேணாம். ஒரு இடத்தோட வெட்டிடு. பிரச்சனை தீந்துதா?"

வெட்டினால் 2.46 என்பது 2.4 ஆகும். பட்டியலில் வந்துவிடும். "ரிப்போர்ட்டுக்கு வேற, கணக்குக்கு வேற வையுங்க சார், எடைமேல கை வைக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே? எனக்காகக் காத்திருக்காமல் வேறொரு பையனை விட்டு எல்லா இடத்திலும் ரவுண்டை எடுத்து வெட்டைப் போட்டார். பேயை ஓட்டப் பிசாசைக் கூட்டிவந்தார்.

அன்றைக்கே ஜீப் போனது. குழந்தை இன்னும் இளைத்து 2.41 இருந்ததாம். அடுத்த தடவை 2.48. அந்த எழுபது கிராமுக்காக அந்தத் தாய் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்திருப்பாள்! கம்ப்யூட்டர் இரண்டையும் வெட்டிப்போட்டு 2.4, 2.4 என்று காட்டியது. பக்கத்தில் சிவப்பில்: எடை ஏறவில்லை. சிவப்பைப் பார்த்ததும் மேலாளர் அவள் புருஷனுக்குப் போன் போட்டு, "பால்கூடக் குடுக்காம உம் பொண்டாட்டி இன்னாய்யா பண்றா?" என்று கத்தினார்.

மறுநாள் கச்சிராயபாளையம் பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள். சின்னப் பெண். மார்போடு சேர்த்துத் துணியில் குழந்தை. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"பால் குடுக்கலன்னு சொன்னது யாருங்க? எங்கூட்டுக்காரரு நேத்துலேர்ந்து என்ன மூஞ்சி குடுத்துப் பேசல. எம் புள்ள கையத் தொட்டுப் பாருங்க. ஏறலயா? நீங்களே சொல்லுங்க, ஏறலயா?"

தொட்டுப் பார்த்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அவள் கண்ணெதிரே அந்த வெட்டைத் தூக்கி எறிந்தேன். ரவுண்டும் இல்லை, வெட்டும் இல்லை, தராசு சொன்னது அப்படியே வரட்டும் என்று ஓட்டினேன். 2.41, 2.48. சிவப்பு போய்விட்டது.

"ஏறியிருக்குதும்மா. உங்க வூட்டுக்காரருக்கு நானே போன் போட்டுச் சொல்றேன்."

அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். மேலாளர் பின்னால் வந்து நின்று, "யாரக் கேட்டு மாத்தின?" என்றார்.

"யாரையும் கேக்கல சார்."

அவள் போன பிறகும் கை அடங்கவில்லை. ஒன்று இப்படி விட்டுப்போனால் முன்னால் எத்தனை போயிருக்கும்? பழைய எடைகளை எடுத்து, இரண்டரைக்குக் கீழே இருந்தும் ரவுண்டால் இரண்டரை ஆகிப்போனவர்கள் யார் என்று கேட்டேன். சிலபேர் வந்தார்கள். ஒருவர் விடாமல் மலைக் குழந்தைகள். நர்ஸக்காவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு தாயின் பெயராகப் படித்தேன்.

"அது நல்லா இருக்குது. தவழுது." அடுத்தது. "அவங்க கேரளா பக்கம் வேலைக்குப் போயிட்டாங்க, கொழந்த நல்லா இருக்குதாம்." அடுத்தது. அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அக்கா?"

"அது இல்லம்மா."

"இல்லன்னா?"

"போயிடுச்சு. நான்தான் அவகிட்ட சொன்னேன், ஜீப்பு கண்டிப்பா வரும், எங்கயும் போவாத, ரோட்டாண்ட வந்து உக்காந்துக்கோன்னு. நாம சொன்னா கேக்கும் அந்தப் பொண்ணு. தெனம் தூக்கிக்கினு வந்து ரோட்டாண்ட உக்காந்துக்கினு இருந்துது." அவ்வளவு பெரிய வாய்க்காரர், அதோடு போனை வைத்துவிட்டார்.

திரையில் அந்த எடை இருந்தது. 2.47. அப்படியே எழுந்து மேலாளர் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தன கேஸு அந்த மாதிரி?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதானே?" என்றார். பெரிய பாரம் இறங்கின மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. நாசமாப் போறவனே என்று சொன்னது நினைவிருக்கிறது. வெளியே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"ரோட்டாண்ட உக்காந்துக்கினு இருந்தா சார். உங்க ஜீப்பு வரும்னு கொழந்தய வச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தா."